கேள்வி கேட்காத கண்ணாடி

இரவு பதினொரு மணிக்கு மேல் சென்னைச் சாலைகளில் பைக்கில் போய்ப் பழகியவர்களுக்கு இது தெரிந்த காட்சி. இரும்புத் தடுப்புகள் சாலையைப் பாதி மறித்திருக்கும். டார்ச் வெளிச்சம் முகத்தில் விழும். வண்டியை ஓரங்கட்டியதும், "பேரு என்ன? எங்கிருந்து வர்ற?" என்ற கேள்வி வரும். களைப்பாக இருக்கும், சில நேரம் கோபமும் வரும். ஆனாலும் அந்தக் கேள்வியில் ஒரு நேர்மை உண்டு. போலீஸ் நம்மை விசாரிக்கிறது என்பது நமக்குத் தெரிகிறது. கேட்பவரின் முகமும் சட்டையில் குத்தியிருக்கும் பெயர்ப் பட்டையும் கண்முன் இருக்கின்றன. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நாமும் கேட்க முடியும்.

அந்தக் கேள்வியே தேவைப்படாத ஒரு பொருள் வந்திருக்கிறது. காவலரின் மூக்கில் உட்காரும் கண்ணாடி அது. எதிரே வருபவரைப் பார்த்ததும் அவர் யார் என்று காவலருக்குச் சொல்லிவிடும். பார்க்கப்பட்டவருக்கு மட்டும் எதுவும் தெரியாது. அந்தக் கண்ணாடி எங்கே பிறந்தது, எந்த ஊர்களின் வழியாக வந்தது, யார் யார் அதை வழிமறித்தார்கள் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் அது நம் ஊரை நோக்கித்தான் வந்துகொண்டிருக்கிறது.

பாலோ ஆல்டோவும் ஒசாகாவும்

கண்ணாடிக்கு உடல் கிடைப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே அதன் மூளை பிறந்துவிட்டது. 1960-களின் நடுவில், கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் வுட்ரோ பிளெட்சோ என்ற கணிதவியலாளர், ஹெலன் சான், சார்லஸ் பிஸ்ஸன் ஆகிய இருவரோடு சேர்ந்து மனித முகத்தைக் கணினிக்குப் பழக்கத் தொடங்கினார். வேலை முழுக்கக் கைவேலைதான். ஊழியர் ஒருவர் புகைப்படத்தை மின்பலகையில் வைத்து, பேனா போன்ற கருவியால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக் குறிப்பார். கண்மணியின் நடு, கண்ணின் உள்முனை, வெளிமுனை, நெற்றியில் முடி தொடங்கும் இடம். அந்தப் புள்ளிகளிலிருந்து வாயின் அகலம், இரு கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரம் என்று 20 அளவுகளைக் கணினி கணக்கிட்டுக்கொள்ளும். பழகிய கை மணிக்கு 40 படங்களை முடித்துவிடும். பெயர் சொல்லப்படாத ஓர் உளவு அமைப்பு இதற்குப் பணம் கொடுத்தது. அதனால் ஆய்வின் பெரும்பகுதி அந்தக் காலத்தில் வெளியே வரவில்லை.

பிளெட்சோ தன் முறையின் தடைகளை மறைக்கவில்லை. தலை திரும்பினால், சாய்ந்தால், வெளிச்சம் மாறினால், முகபாவம் மாறினால், வயது கூடினால் ஒரே ஆள் கணினிக்கு வேறு ஆளாகத் தெரிவார் என்று எழுதினார். தெருவில் நடந்துபோகிற மனிதரிடம் இந்த ஐந்தும் சேர்ந்தே இருக்கும். அன்று சொன்ன தடைகள் இன்றும் முழுதாக விலகவில்லை.

1970-ல் ஜப்பானின் ஒசாகாவில் உலகக் கண்காட்சி நடந்தது. அங்கே ஓர் அரங்கில் மக்கள் கேமரா முன் வந்து உட்கார்ந்தார்கள். எந்தப் பிரபலத்தின் சாயல் உங்களுக்கு இருக்கிறது என்று கணினி சொல்லும். குடும்பம் குடும்பமாகச் சிரித்துக்கொண்டு போய் உட்கார்ந்த அந்த நூற்றுக்கணக்கான முகங்கள் பின்னர் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தாக்கியோ கனாடேயின் ஆய்வுக்குப் போய்ச் சேர்ந்தன. மனிதரின் கை படாமல் முகத்தின் அம்சங்களைக் கணினியே கண்டெடுத்த அந்த ஆய்வேடு 1973-ல் வந்தது. விளையாட்டாகக் கொடுத்த முகம் கொடுத்தவருக்குத் தெரியாத வேறொரு வேலைக்குப் போவது அன்றே தொடங்கிவிட்டது. இன்று சமூக வலைத்தளங்களில் நாம் ஏற்றும் கல்யாணப் படங்களும் அதே வழியில்தான் போகின்றன. கிளியர்வியூ என்ற அமெரிக்க நிறுவனம் இணையத்திலிருந்து 300 கோடிக்கும் மேற்பட்ட படங்களை யாரிடமும் கேட்காமல் வாரி எடுத்துப் போலீசுக்குத் தேடித் தருகிறது என்பது 2020 ஜனவரியில் வெளிவந்தது.

டாம்பா, 2001

ஒரு பெருங்கூட்டத்தின் மேல் இந்தத் தொழில்நுட்பம் முதலில் ஏவப்பட்ட இடங்களில் ஒன்று அமெரிக்காவின் டாம்பா நகரம். 2001 ஜனவரியில் அங்கே சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டம் நடந்தது. வாயிலில் நுழைந்த ஆயிரக்கணக்கான ரசிகர்களின் முகங்களைக் கேமராக்கள் எடுத்து, குற்றவாளிகளின் படங்களோடு ஒப்பிட்டன. ஆட்டம் பார்க்க வந்தவர்களிடம் யாரும் சொல்லவில்லை. 19 முகங்கள் பொருந்தியதாக இயந்திரம் சொன்னது. ஒருவரும் கைது செய்யப்படவில்லை.

அதே ஆண்டு அதே நகரின் கேளிக்கைப் பகுதியான இபோர் சிட்டியில் தெருக் கேமராக்களில் முகம் அறியும் வசதியைப் பொருத்தினார்கள். மக்கள் முகமூடி போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். இரண்டு ஆண்டுகள் ஓட்டிப் பார்த்தும் ஒரு கைதுகூட நடக்காததால் 2003-ல் போலீஸ் அதைக் கைவிட்டது. அப்போது கேமரா கம்பத்தில் இருந்தது. எங்கே இருக்கிறது என்று மக்கள் அண்ணாந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடிந்தது. அதனால் எதிர்க்கவும் முடிந்தது.

கம்பத்திலிருந்து மூக்குக்கு

கேமராவை மனிதரின் கண்ணருகே கொண்டுவரும் ஆசை அடுத்து வந்தது. 2014 உலகக் கோப்பைக் கால்பந்துக்காக, நொடிக்கு 400 முகங்களைப் படமெடுக்கும் கண்ணாடியைத் தங்கள் காவலர்களுக்குக் கொடுக்கப்போவதாக 2011-லேயே பிரேசிலிலிருந்து செய்தி வந்தது. 2013-ல் கூகுள் தன் 'கிளாஸ்' கண்ணாடியை 1,500 டாலருக்குக் கொடுக்கத் தொடங்கியதும், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் எட்டுப் பேர் அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார்கள். தெருவில் போகும் ஒருவரின் பெயரை இது கண்டுபிடிக்குமா என்பது அவர்களின் முக்கியமான கேள்விகளில் ஒன்று. முகம் அறியும் செயலிகளை அனுமதிக்கமாட்டோம் என்று கூகுள் அறிவித்தது. ஆனால் அந்த அறிவிப்பில் 'இப்போதைக்கு' என்ற சொல்லும் இருந்தது. இந்தக் கண்ணாடியின் கதை முழுக்க அந்தச் சொல் திரும்பத் திரும்ப வரும்.

இதற்கிடையே மூளை வளர்ந்துவிட்டது. 2014-ல் ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் லட்சக்கணக்கான படங்களைக் கொடுத்துப் பழக்கிய ஒரு மென்பொருள், இரண்டு படங்களில் இருப்பவர் ஒரே ஆளா என்ற தேர்வில் 97.35 சதவீதம் சரியாகச் சொன்னது. மனிதக் கண்ணுக்கு மிக அருகில் வந்துவிட்ட அளவு அது.

ஜெங்ஜோ, 2018

போலீசின் முகத்தில் அந்தக் கண்ணாடி உண்மையிலேயே ஏறியது சீனாவில். 2018 பிப்ரவரியில், வசந்த விழாவுக்குச் சொந்த ஊர் போகும் கூட்டம் ஹெனான் மாநிலத் தலைநகர் ஜெங்ஜோவின் கிழக்கு ரயில் நிலையத்தில் அலைமோதியது. கறுப்புக் கண்ணாடி அணிந்த பெண் காவலர் ஒருவரின் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. கண்ணாடியின் ஓரத்தில் ஒரு சிறு கேமரா. அதிலிருந்து இறங்கும் மெல்லிய கம்பி அவர் கையில் இருக்கும் கருவியில் செருகியிருக்கும். அந்தக் கருவிக்குள் 10,000 முகங்களை வைத்துக்கொள்ளலாம், நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் ஆளைச் சொல்லிவிடும் என்றது கண்ணாடியைச் செய்த பெய்ஜிங்கின் எல்எல்விஷன் நிறுவனம். கம்பத்துக் கேமரா தூரத்திலிருந்து பார்க்கிறது, படம் மங்குகிறது, எச்சரிக்கை வருவதற்குள் ஆள் நகர்ந்துவிடுகிறார், கண்ணாடி இருந்தால் அந்த இடத்திலேயே பிடிக்கலாம் என்பது அவர்களின் வாதம்.

தேடப்பட்டுவந்த 7 பேரையும் போலி அடையாள அட்டை வைத்திருந்த 26 பேரையும் இந்தக் கண்ணாடி காட்டிக்கொடுத்ததாக அரசுப் பத்திரிகை எழுதியது. ஆள் கடத்தல் வழக்கில் சிக்கியவர்களும் வண்டியால் மோதிவிட்டுத் தப்பியவர்களும் அதில் அடக்கம். இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. தொலைந்த பிள்ளையைத் தேடும் தாயிடம் போய் இந்தக் கண்ணாடி வேண்டாம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதனால்தான் இதை எதிர்ப்பது கடினம். அதனால்தான் கவனமாக எதிர்க்க வேண்டும்.

நான் அஞ்சுவது அந்த 10,000 முகங்களின் பட்டியலைப் பற்றி. இன்று அதில் கடத்தல்காரன் இருக்கிறான். நாளை அதில் யாரைச் சேர்ப்பது என்பதை முடிவு செய்பவர் யார்? அதே சீனாவின் சிஞ்சியாங்கில் உய்குர் மக்கள் தங்கள் இனத்தின் காரணமாகவே முகம் பார்த்துக் கண்காணிக்கப்பட்டார்கள். கம்பத்துக் கேமரா நட்ட இடத்தில் நிற்கிறது. கண்ணாடிக்குக் கால் உண்டு. காவலர் போகும் இடமெல்லாம் அது போகும். சந்துக்குள் போகும், கோயில் வாசலுக்கும் பள்ளிவாசல் வாசலுக்கும் போகும், உண்ணாவிரதப் பந்தலுக்குப் போகும், வீட்டு நடைக்குள் ஏறி நிற்கும். அதற்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை வைக்க முடியாது.

திரும்பிக்கொண்ட கேமரா

அமெரிக்காவில் இதே மூளை வேறு உடலில் ஏறப் பார்த்தது. 2014 ஆகஸ்டில் மிசூரி மாநிலத்தின் ஃபெர்கூசனில் ஒரு கறுப்பின இளைஞர் போலீசால் சுட்டுக் கொல்லப்பட்டபோது மக்கள் கொதித்தெழுந்தார்கள். காவலர்களின் மார்பில் கேமரா மாட்டுங்கள், அவர்கள் செய்வது பதிவாகட்டும் என்று கேட்டார்கள். அந்தக் கோரிக்கையால் நாடெங்கும் பரவியதுதான் 'பாடி கேமரா'. போலீசைக் கண்காணிக்க மக்கள் கேட்டு வாங்கிய கருவி அது. அதில் முகம் அறியும் மென்பொருளைச் சேர்த்தால், அது மக்களைக் கண்காணிக்கும் கருவியாகத் திரும்பிக்கொள்ளும்.

இதை முன்கூட்டியே உணர்ந்தவர்கள் இருந்தார்கள். பாடி கேமரா விற்பனையில் முன்னணியில் இருக்கும் ஆக்ஸன் நிறுவனம் அமைத்த நெறிமுறைக் குழு, இந்தத் தொழில்நுட்பம் நம்பத்தக்கதாக இல்லை, கேமராவில் சேர்க்காதீர்கள் என்று 2019 ஜூனில் அறிக்கை கொடுத்தது. நிறுவனமும் ஏற்றுக்கொண்டது, 'இப்போதைக்கு' என்ற அதே சொல்லோடு. அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்ற உறுப்பினர்களின் படங்களை ஒரு மனித உரிமை அமைப்பு முகம் அறியும் மென்பொருளில் போட்டுப் பார்த்தது. 26 உறுப்பினர்களைக் குற்றவாளிகளின் படங்களோடு பொருத்திக் காட்டியது மென்பொருள். பாடி கேமராவில் இந்த வசதியைத் தடை செய்யும் மசோதாவைக் கொண்டுவந்த ஃபில் டிங்கும் அந்த 26 பேரில் ஒருவர். மசோதா சட்டமானது. ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு மட்டும். 2023 ஜனவரி முதல் தேதியோடு அந்தத் தடை காலாவதியாகிவிட்டது.

ஒரு கணக்கு, ஒரு வீடு

'தவறு மிகக் குறைவு' என்று விற்பவர்கள் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ரயில் நிலையத்தில் நாளுக்கு ஒரு லட்சம் பேர் கடக்கிறார்கள், கண்ணாடி ஆயிரத்தில் ஒருவரை மட்டுமே தவறாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நாளுக்கு 100 நிரபராதிகள் நிறுத்தப்படுவார்கள். அந்தக் கூட்டத்தில் உண்மையான குற்றவாளிகள் 10 பேர் இருந்து, பத்துப் பேருமே பிடிபட்டாலும், நிறுத்தப்பட்ட 110 பேரில் நூறு பேர் எந்தத் தவறும் செய்யாதவர்கள். இந்தச் சுமையும் எல்லோர் மேலும் சமமாக விழுவதில்லை. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் 189 மென்பொருள்களைச் சோதித்து 2019 டிசம்பரில் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் பல, ஆப்பிரிக்க, ஆசிய முகங்களை வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்கு அதிகமாகத் தவறாகப் பொருத்தின.

அந்த எண்ணிக்கைக்குள் ஒரு வீடு இருக்கிறது. 2020 ஜனவரியில் டெட்ராய்ட் போலீஸ் ஒரு கறுப்பினத்தவரை அவருடைய வீட்டு வாசலில் வைத்து, மனைவியும் இரண்டு சிறு மகள்களும் பார்த்துக்கொண்டிருக்க விலங்கிட்டது. கடையில் கைக்கடிகாரங்கள் திருடியதாகக் குற்றச்சாட்டு. கடைக் கேமராவின் மங்கலான படத்தை மென்பொருள் அவருடைய பழைய ஓட்டுநர் உரிமப் படத்தோடு பொருத்தியிருந்தது. விசாரணை அறையில் அந்தப் படத்தை எடுத்துத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார் அவர். இரண்டும் ஒரே ஆள் இல்லை என்று எந்தக் கண்ணுக்கும் தெரியும். ஆனாலும் முப்பது மணி நேரம் சிறையில் இருந்தார். மூன்று ஆண்டுகள் வழக்காடிய பிறகு 2024-ல் நகர நிர்வாகம் இழப்பீடு கொடுத்தது. மென்பொருளின் பொருத்தத்தை மட்டும் வைத்து இனிக் கைது செய்யக் கூடாது என்ற விதியையும் டெட்ராய்ட் போலீஸ் ஏற்றது. அந்தப் பிழை ஓர் அலுவலகக் கணினியில் நடந்தது. யோசிக்கவும் சரிபார்க்கவும் நேரம் இருந்தும் நடந்தது. இடுப்பில் துப்பாக்கியோடு நிற்கும் காவலரின் கண்ணுக்குள் ஒரு நொடியில் அதே பிழை வந்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எட்மன்டன், டெல்லி

'இப்போதைக்கு' என்ற தவணை 2025 டிசம்பரில் முடிந்தது. கனடாவின் எட்மன்டன் நகரப் போலீஸ், ஆக்ஸன் நிறுவனத்தின் பாடி கேமராவில் முகம் அறியும் சோதனையைத் தொடங்கியது. கண்காணிப்புப் பட்டியலில் ஏறத்தாழ 7,000 பேர். இது ஆரம்பக்கட்டக் கள ஆய்வு என்றது நிறுவனம். 2019-ல் தடை சொன்ன நெறிமுறைக் குழுவின் தலைவராக இருந்த சட்டப் பேராசிரியர் பாரி ஃப்ரீட்மன், மக்களிடம் விவாதிக்காமல் இதைச் செய்வது சரியில்லை என்று வெளிப்படையாகவே கவலை தெரிவித்தார்.

அடுத்த மாதமே கண்ணாடி இந்தியாவில் இறங்கியது. 2026 குடியரசு தினப் பாதுகாப்புக்காக, இந்திய நிறுவனம் ஒன்று தயாரித்த ஸ்மார்ட் கண்ணாடியை டெல்லி போலீஸ் காட்டியது. கண்ணாடி காவலரின் செல்போனோடு இணைந்திருக்கும். குற்றப் பதிவு இல்லாத முகத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம் விழும், பதிவு இருந்தால் சிவப்புக் கட்டம் விழும். இதே டெல்லி போலீஸ்தான், 80 சதவீதம் ஒத்துப்போனால் அதைப் பொருத்தம் என்று எடுத்துக்கொள்கிறோம் என்று 2022-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பதில் கொடுத்தது. ஏன் 80 என்பதற்குச் சட்டத்தில் எந்த அடிப்படையும் இல்லை.

நம் வாசலில்

தமிழ்நாட்டுக் காவல்துறையின் முகம் அறியும் மென்பொருள் 2021 அக்டோபரில் பயன்பாட்டுக்கு வந்தது. காவலர்கள் செல்போனிலேயே படமெடுத்து ஒப்பிடலாம். 2024 மே மாதம் அந்தத் தளத்துக்குள் யாரோ புகுந்தார்கள். ஒரு கணக்கின் கடவுச்சொல் களவு போனதே காரணம் என்று காவல்துறை விளக்கம் கொடுத்தது. கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை மாற்றிக்கொள்ள முடியாது. செல்போனில் இருக்கும் அந்த மென்பொருள் கண்ணாடிக்கு ஏறப் பெரிய தூரம் இல்லை.

பட்டியல் என்றால் என்ன என்று நம் மண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குற்றப்பரம்பரைச் சட்டத்தை மதுரைப் பக்கத்து மக்கள் 'ரேகைச் சட்டம்' என்றார்கள். குற்றம் செய்தவரை விட்டுவிட்டு, பிறந்த சாதியை வைத்துக் கைரேகை பதியச் சொன்ன சட்டம் அது. 1920 ஏப்ரல் 3-ம் தேதி உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் பதிவுக்கு மறுத்த மக்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் உள்ளிட்ட ஊர் மக்கள் அதில் உயிரை விட்டார்கள். அன்று ரேகை வைக்க நம் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. கையை இழுத்துக்கொள்ள மக்களால் முடிந்தது. கண்ணாடியிடம் இருந்து முகத்தை இழுத்துக்கொள்ள முடியாது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை, அதில் அரசு கைவைக்க வேண்டுமானால் முதலில் சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-ல் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். பொது இடத்தில் போலீஸ் உடனுக்குடன் முகம் அறிவதை ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் சில விதிவிலக்குகளோடு தடுத்திருக்கிறது. அந்த விதிவிலக்குகளுக்கும் நீதிமன்றமோ சுதந்திரமான அமைப்போ அனுமதி தர வேண்டும். நம் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, அரசு தன் அமைப்புகளுக்கு அறிவிக்கை மூலமே விலக்குக் கொடுத்துக்கொள்ள வழி வைத்திருக்கிறது.

எனவே உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் கேளுங்கள். கண்ணாடி வருவதற்கு முன் சட்டம் வருமா? பட்டியலில் யாரைச் சேர்ப்பார்கள், யார் கையெழுத்தில் சேர்ப்பார்கள், தவறாகச் சேர்ந்தவர் பெயரை நீக்க எங்கே போக வேண்டும்? பொருந்தாத முகங்கள் அப்போதே அழிக்கப்படுமா? போராட்டத்திலும் வழிபாட்டிலும் கண்ணாடி அணியத் தடை உண்டா? இயந்திரத்தின் பொருத்தம் மட்டுமே கைதுக்குக் காரணமாகாது என்று எழுதித் தருவார்களா? 'இப்போதைக்கு இல்லை' என்ற வாக்குறுதியை நம்ப வேண்டாம். அந்தச் சொல்லைச் சொன்ன ஆக்ஸன் அதைக் கைவிட்ட வரலாறு நம் கண்முன் இருக்கிறது.

முகம் அறியும் தொழில்நுட்பத்தைப் போலீஸ் எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லும் தனிச் சட்டம் எதையும் இந்திய நாடாளுமன்றம் இன்றுவரை இயற்றவில்லை.